கொண்டி திறக்கிற நாள்

எங்கள் குடும்பத்துக் கன்னித் தெய்வத்துக்குக் கொடைத் திருவிழா நடக்கும் நாளில் வீட்டில் எதையும் பூட்டி வைக்கக் கூடாது. வாசல் கதவு, பின்வாசல், பீரோ, அலமாரி, அஞ்சறைப் பெட்டி, இந்தக் காலத்தில் ஃபிரிட்ஜ் வரைக்கும் எல்லாம் வாயைப் பிளந்து கிடக்க வேண்டும். உச்சிக்கொடைக்கு மேளம் முழங்கி, சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி காலில் சலங்கை கட்டுவதற்கு முன்னால், அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி அறை அறையாகப் போய்ப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து, பந்தலில் இருக்கிற எல்லார் காதிலும் விழும்படி, "கொண்டியெல்லாம் திறந்து கிடக்கு" என்று சொல்ல வேண்டும். கொண்டி என்றால் எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாள். அவள் அதைச் சொல்லாமல் சலங்கை கட்ட மாட்டார்கள். என் அத்தை காலமான பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள் முதல் வருஷம் சிரிப்பார்கள், இரண்டாம் வருஷம் நகையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவார்கள், அதற்கப்புறம் பழகிப் போகும். எதற்காக இப்படித் திறந்து போடுகிறோம் என்று கேட்டால் அண்ணன் வீட்டில் இப்போது சொல்கிற பதில், "லட்சுமி உள்ளே வருவாள்" என்பது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லட்சுமிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு பெண்ணை உள்ளே வைத்துக் கொண்டி போட்டுக் கொன்ற வீடு அது. அதற்காகத் திறக்கிறோம்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது என் அம்மா. சோறு ஊட்டும்போது சொன்னாள். மூன்று அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. வீட்டில் அவள்தான் சின்ன உடம்புக்காரி. அதனால் ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னால் பத்தாயத்துக்குள் இறங்கி, மூலையில் ஒட்டிக் கிடக்கிற பழைய நெல்லையும் தூசியையும் கூட்டி எடுக்கிற வேலை அவளுடையது. பத்தாயம் என்றால் நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி. ஆள் நிற்கலாம். அவள் களத்துக்குக் கதிர் சுமக்க வந்த ஒருத்தனிடம் சிரித்துப் பேசினாள் என்று ஊரில் பேச்சு வந்தது. அண்ணன்மார் ஒன்றும் கேட்கவில்லை. கும்பப்பூ அறுப்பு நெருங்கியதும் வழக்கம்போல, "ஏட்டி, பத்தாயத்தக் கூட்டிக் குடு" என்றார்கள். அவள் வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேலே மூடியைப் போட்டுக் கொண்டி மாட்டினார்கள்.

அவள் தட்டினாள். அடுக்களையில் அவளைப் பெற்றவள் நெல் குத்திக்கொண்டிருந்தாள். மகள் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டதும் உலக்கையை இன்னும் ஓங்கிக் குத்தினாள்.

இந்த இடம் வரும்போது என் அம்மா கையிலிருக்கிற உருண்டையை மறுபடியும் உருட்டுவாள். பிறகு, "வாயத் தெற" என்பாள். நானும் திறப்பேன். மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியிருக்கிறார்கள்.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும், நம் பக்கத்துச் சாமிகள் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள்தான். அடுத்த பூ அறுப்பில் வயலெல்லாம் பதராய்ப் போனது, தொழுவத்தில் மாடு செத்தது, அண்ணன்மார் பெண்டாட்டிகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. குறி கேட்டார்கள். அவள் வந்து, எனக்குக் கும்பிடப் பூடம் போடு, பாட்டுப் படி, என் நாளில் வீட்டில் ஒரு கொண்டியும் போட்டுக் கிடக்கக் கூடாது என்றாள். போட்டார்கள். வயல் விளைந்தது. பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளின் பிள்ளைகள் நாங்கள்.

சின்ன வயதில் பயம்தான் இருந்தது. கோபம் வர வயதாக வேண்டியிருந்தது. அம்மா கதையை முடிக்கும்போது, "அதனால பொம்பளப் பிள்ள சிரிப்ப அடக்கணும்" என்று முடிப்பாள். என் அத்தையும் அப்படித்தான் முடிப்பாள். மூன்று தடியன்கள் சேர்ந்து ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் போட்டு மூச்சுமுட்டிச் சாகடித்திருக்கிறார்கள், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் செத்தவளுக்கு! அண்ணன்மாருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கூடவா கிடைக்கவில்லை? ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன். "நாம யாருக்க வம்சம்மா? அவளுக்கா, அவனுகளுக்கா?" அம்மா என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "அவளுக்கு ஏது பிள்ள, நீ போய்ப் படி" என்றாள்.

அதுதான் விஷயம். அவளுக்கு வம்சம் கிடையாது. கும்பிடுகிற நாங்கள் எல்லாரும் கொன்றவர்களின் வம்சம்.

இவ்வளவு கோபம் இருந்தும் நான் கொடையை ஒரு வருஷமும் விட்டதில்லை. அதற்குக் காரணம் வில்லுப்பாட்டில் ஒரு இடம். கதை பத்தாயத்துக்கு வந்ததும் வில்லை அடிப்பதை நிறுத்துவார்கள். உடுக்கு நிற்கும், தாளம் நிற்கும். குடத்தை மட்டும் பையத் தட்டுவார்கள். டொக், டொக் என்று அது மட்டும் கேட்கும். அப்போது எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். கைக்குழந்தை ஆணாக இருந்தால் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, சத்தம் ஓய்கிறவரைக்கும். பெண்கள் உட்கார்ந்தே இருப்போம். உயிரோடு இருந்தவரை வருஷம் முழுக்க அதிகாரம் பண்ணிய என் அப்பா அந்த நேரத்தில் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான் கண்ட ஒரே நேர்மையான நேரம் அது.

எனக்கு வடசேரியில் தையல் கடை. பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபாரம். கன்னிக்குப் புதுப் பாவாடையும் சட்டையும் ஒவ்வொரு வருஷமும் நான்தான் தைக்கிறேன். அளவுக்கு ஒரு பழைய துணி வெட்டு இருக்கிறது, அத்தையிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தைக்கிற அளவு அது. எத்தனை வருஷமானாலும் அந்த அளவு மாறுவதில்லை. அண்ணன் ஒருதடவை, "சாமிக்கு நல்ல பட்டுச்சேலையா எடுத்துச் சாத்தலாமே, பார்க்க அம்மன் மாதிரி இருக்கும்" என்றான். சேலை கட்டுகிற வயது வரைக்கும் நீங்கள் அவளை விட்டால்தானே என்று சொன்னேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

அண்ணனை 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும். மூத்தவன், கல்ஃபில் கிடந்து சம்பாதித்து, சுசீந்திரத்துக்குத் தெற்கே வயலோரம் பழைய வீட்டை இடித்து மாடி வீடு கட்டியவன், குடும்பக் கோவிலை ஏற்று நடத்துகிறவன். கை வரவில்லை, மன்னிக்கவும்.

போன வருஷக் கொடைக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தது. வில்லுப்பாட்டுக்கார அம்மாவை வரச் சொல்லியிருந்தான். கல்குளம் பக்கத்துக்காரி, குரல் வயலைத் தாண்டிப் போகும். அவளிடம் அண்ணன், "இந்தத் தடவை பத்தாயமும் கொலையும் ஒண்ணும் வேண்டாம். சாமி கதை மங்களமா இருக்கணும். போன்ல நேரலை போகுது, பிள்ளைங்க பாக்கும்" என்றான்.

அந்த அம்மா புரியாமல் பார்த்தாள். "அது இல்லாம அவ எப்பிடிச் சாமி ஆவா?" என்று கேட்டாள்.

"பூப்பறிக்கப் போனா, வானத்துல இருந்து ஒரு வெளிச்சம் வந்து கூட்டிட்டுப் போச்சு. அப்பிடிப் பாடு."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வெளிச்சமாம். இப்போது எல்லாக் கதைக்கும் இந்த வெளிச்சத்தை அடிக்கிறார்கள். என் கடைக்கு வருகிற ஒரு பெண் தன் பிள்ளைக்கு வாங்கிய கதைப் புத்தகத்தைக் காட்டினாள். அதில் ஆட்டைத் தின்ன வந்த ஓநாய் கடைசியில் மன்னிப்புக் கேட்டு ஆட்டோடு கேக் வெட்டுகிறது. பிள்ளை பயப்படக் கூடாதாம். ஓநாய்க்குப் பயப்படாத பிள்ளையை அனுப்பி வைக்கிற இடத்தில் ஓநாய் இருக்கிறதா இல்லையா என்று யாராவது பார்த்தார்களா? அன்றைக்கு நான் கத்தினேன். "கொன்னதச் சொல்லாம கும்பிட்டா அது கும்பிடாண்ணே?" என்று கேட்டேன். அண்ணன், "நீ ஒனக்க சோலியப் பாரு. பாவாடையத் தச்சுக் குடு, போதும்" என்றான். அண்ணன் மனைவி, என் மதினி, எல்லாருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மங்களத்துக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் மகளுக்கு ஒரு இடம் பார்த்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் கொடைக்கு வந்து குடும்பத்தையும் கோவிலையும் பார்ப்பதாக ஏற்பாடு. வந்தவர்கள் முன்னால் இந்தக் குடும்பம் பெண்ணைக் கொன்ற குடும்பம் என்று ஒலிபெருக்கியில் பாட முடியுமா?

அவன் மகள் நாகர்கோவிலில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுக்கிற வேலை. சின்ன வயதிலிருந்தே என் கடையில் வளர்ந்த பிள்ளை மாதிரி. பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் வடசேரியில் இறங்கி என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வாயாடிவிட்டுப் போவாள். அவளுக்குக் குளச்சலில் ஒரு பையனைப் பிடித்திருந்தது. படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன், கத்தோலிக்கக் குடும்பம். என்னிடம் சொல்லியிருந்தாள். "எனக்க வீட்டுலயும் ஒத்துக்க மாட்டாங்க, அவன் அம்மையும் ஒத்துக்க மாட்டா, நல்ல பொருத்தம் பாத்தியா அத்த" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அம்மா கதையை முடிக்கிற விதம் எனக்கு ஞாபகம் வந்தது உண்மை. ஆனால் அடக்கு என்று நான் சொல்லவில்லை.

கொடைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சுடிதார் துணி கொடுத்திருந்தாள். கழுத்து இப்படி, கை இப்படி என்று உயிரை எடுத்தாள். தைத்து வைத்துக் காத்திருந்தேன், வாங்க வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மதினியிடம் கேட்டேன். "டிரெயினிங்குக்குப் பெங்களூரு போயிருக்கா" என்றாள். புதுத் துணியை விட்டுவிட்டா? "அவசரமாப் போனா." என்றைக்கு வருவாள்? "வருவா." மதினி நல்லவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கேள்வியைவிடச் சின்னதாகப் பதில் சொல்லுவாள். அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் சொந்த வீட்டில் அப்படி நடக்கும் என்று மனம் சட்டென்று ஒப்பவில்லை. இந்தக் கதையைச் சோற்றோடு தின்று வளர்ந்தவளுக்கே ஒப்பவில்லை என்றால் பாருங்கள்.

பங்குனிச் செவ்வாய். தோவாளைப் பூ மணத்தது, பொங்கல் பானைகள் வரிசையாக இருந்தன, வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசை நாற்காலியில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு பத்தாயத்துக்கு வர வேண்டிய இடத்துக்கு வந்தது. பாட்டுக்கார அம்மா ஒருதடவை என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பூப்பறிக்கப் போன கன்னியை வானத்து வெளிச்சம் அள்ளிக்கொண்டு போனதாகப் பாடி முடித்தாள். குடம் தட்டவில்லை. என் சித்தப்பா பாதி எழுந்துவிட்டார், பழக்கம். இன்னும் சிலர் துண்டை இடுப்பில் கட்டக் கையைக் கொண்டுபோனார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் அசையவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கேட்கும்படி, "நல்ல ஐதீகம்" என்றான்.

சித்தப்பாதான் கோமரத்தாடி. சலங்கையைத் தட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போ மக்கா, பாத்துட்டு வா" என்றார். நான் வீட்டுக்குள் போனேன்.

கீழே எல்லாம் திறந்துதான் கிடந்தது. பழைய பத்தாயத்தை அண்ணன் வார்னிஷ் அடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறான், வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதன் மூடியையும் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பழைய குத்துவிளக்கு இரண்டு கிடந்தது. அடுக்களையில் மதினி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். சமையல் வெளியே பந்தலில் நடக்கிறது, வீட்டில் அரைக்க ஒன்றும் கிடையாது. எட்டிப் பார்த்தேன். ஜாரில் கொஞ்சம் தேங்காய்ச் சில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அரைந்து கூழாகிப் போயும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் கால் வைத்தேன். பின்னாலேயே அண்ணன் வந்துவிட்டான்.

"மாடிக்குப் போகாண்டாம். அங்க நான் திறந்தாச்சு."

"நீ திறந்தா செல்லாதுண்ணே. பொறந்த பொம்பள பாக்கணும்."

"சொன்னாக் கேளு. விருந்தாளி இருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வா."

மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அதன் இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. நான் அடுக்களைக்குத் திரும்பி, "மதினி, அத நிறுத்து" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை ஜார் மூடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கோரமாக வடிந்துகொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

டொக். டொக். மேலே, பின்பக்கத்து அறையில்.

எத்தனையோ வருஷமாகப் பந்தலில் உட்கார்ந்து கேட்ட சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. பெற்றவள் இந்தப் பக்கம் நிற்கிறாள், உலக்கை இருந்த இடத்தில் மிக்ஸி இருக்கிறது. நான் மதினியிடம், "என்ன மதினி இது?" என்று மட்டும் கேட்டேன். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசினான். "அந்தக் குளச்சல் துறைக்காரப் பயலுக்க கூடப் போறேன்னு நிக்கா. அவளுக்கு நான் சோறு குடுக்காம வச்சிருக்கனா? ஏசியும் போட்டுத்தான் வச்சிருக்கு. கொஞ்ச நாள் கிடக்கட்டும், புத்தி வரும். கல்யாணம் முடிஞ்சா சரியாயிரும்."

கொஞ்ச நாள் கிடக்கட்டும், புத்தி வரும். இந்த வார்த்தை வில்லுப்பாட்டில் இருக்கிறது. மூடியைப் போட்டுவிட்டு மூத்த அண்ணன் சொல்கிற வார்த்தை, 'ஒரு ராவு கிடக்கட்டும், புத்தி வரும்.' கொல்ல வேண்டுமென்று அவர்களும் நினைக்கவில்லை. யாரும் நினைப்பதில்லை. தங்கை மேல் பாசம்தான், குடும்ப மானம்தான், நாளைக்குத் திறந்துவிடலாம் என்றுதான். அந்த அடியைக் கேட்டு வளர்ந்தவன் இவன், அது வரும்போது எழுந்து நின்றவன். இப்போது அதையே சொந்த வாயால் சொல்கிறான், எங்கே கேட்டோம் என்ற நினைப்புகூட இல்லை. பாட்டிலிருந்து அதை வெட்டச் சொன்னது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கியது. சம்பந்தக்காரர்கள் காதில் விழக் கூடாதுதான். அவன் காதிலும் விழக் கூடாது.

"சாவியக் குடு" என்றேன். வேட்டி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கொடுக்கவில்லை. "ஏட்டி, குடும்பத்த நாறடிக்காத" என்றான்.

நான் பந்தலுக்குத் திரும்பி வந்தேன். மேளம் நின்றது. எல்லாரும் நான் சொல்லப்போகிற ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். பாட்டுக்கார அம்மாவின் மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து தூணோரமாக நின்றான். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் வெளியாட்கள் முன்னால் சொல்லமாட்டேன் என்று நம்பினான். எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி அவனுக்கு இருந்த நம்பிக்கை அது. தப்பும் சொல்ல முடியாது, இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஒரு கொண்டி போட்டுக் கிடக்கு" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "மாடியில பின்னறையில கிடக்கு. உள்ள அண்ணன் மக இருக்கா. தட்டிட்டு இருக்கா."

மாப்பிள்ளையின் அப்பா இளநீரைக் கீழே வைத்தார். அண்ணன் தூணைவிட்டு முன்னால் வந்து, "அவளுக்கு ஒடம்பு சரியில்ல, சும்மா" என்று ஏதோ சொல்லத் தொடங்கினான்.

அப்போது குடம் ஒலித்தது.

பாட்டுக்கார அம்மா குடம் அடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, வெறும் கண்ணைத்தான் காட்டினாள். டொக், டொக். முதலில் சித்தப்பா எழுந்தார். பிறகு அவர் மகன்கள். பிறகு பந்தி போடுவதற்காக நின்றிருந்தவர்கள், செருப்புப் பக்கம் நின்றவர்கள், எங்கள் குடும்பத்து ஆண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனைத் தவிர எல்லார் தலையும் குனிந்திருந்தது.

சித்தப்பா சலங்கைத் தட்டைத் தரையில் வைத்தார். நிமிராமலே பேசினார். "திறந்துட்டு வாலே. அது வரைக்கும் நான் கெட்டமாட்டேன். ஒனக்க அப்பன் நின்ன எடத்துல நின்னு சொல்லுகேன், திறந்துட்டு வா."

அண்ணன் போகவில்லை. மடியிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் எறிந்தான். மண்ணில் விழுந்தது. பொறுக்கிக்கொண்டு போய் நான்தான் திறந்தேன்.

அவள் நைட்டியில் இருந்தாள். தலை வாரி எத்தனை நாளோ. விரல் முட்டி கன்றிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "எவ்வளவு நேரம் அத்த தட்டுகது?" என்று கோபத்தோடு கேட்டாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. கன்னியின் பாவாடையோடு அவள் சுடிதாரையும் பையில் வைத்திருந்தேன். போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். அடுக்களையைத் தாண்டும்போது மதினி கையை நீட்டினாள். அவள் நின்றாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

பந்தலில் எல்லாரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், குடமும் ஓயவில்லை. பிள்ளை பூடத்தின் முன்னால் போய் நின்றாள். நான் புதுப் பாவாடையையும் சட்டையையும் தட்டில் எடுத்து வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அவ இவ்வளவு சின்னவளா அத்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு நான் திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொண்டியெல்லாம் திறந்து கிடக்கு. சித்தப்பா சலங்கையைக் கட்டினார். நாங்கள் இருவரும் வயல் வரப்பு வழியாக ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் இப்போது குளச்சலில் இருக்கிறாள். பதிவுத் திருமணம். மாமியார் இன்னும் முழுசாக முகம் கொடுப்பதில்லை, மீன் கழுவத் தெரியவில்லை என்று தினமும் ஒரு பாட்டு. என்னிடம் போனில் புலம்புவாள், நானும் நன்றாகத் திட்டுவேன். சாதாரணமாகச் சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாழ்க்கை. பத்தாயத்துக்காரிக்கு அது கிடைக்கவில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் இந்த வருஷக் கொடை. பந்தலோரத்தில் அண்ணன் வெளியூர்க்காரர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்றது அவனுக்குத் தெரியாது. "போன வருஷம் எனக்க மக விஷயத்துல அம்மன் வாக்கு வந்துச்சு கேட்டியளா. நானே போய்க் கதவைத் திறந்து, போ மக்களே, ஒனக்க ஆசைப்படி நல்லா இருன்னு அனுப்பி வச்சேன்" என்றான். கேட்டவர்கள் உருகிப்போய்த் தலையாட்டினார்கள். ஒருவர், இதையும் பாட்டில் சேர்க்க வேண்டும் என்றார். அண்ணன், சேர்க்கலாம், பாட்டுக்கார அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். அவன் முகத்தில் பொய் சொல்கிற அறிகுறியே இல்லை. ஒரே வருஷத்தில் அவனே நம்பத் தொடங்கிவிட்டான்.

வெளிச்சம் இப்படித்தான் வந்து சேருகிறது. இன்னும் கொஞ்ச காலம் போனால் நான் செத்துப் போவேன், பிள்ளை குளச்சலில் இருப்பாள், பாட்டில் ஒரு நல்ல அப்பா கதவைத் திறந்துகொண்டிருப்பார். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டியவன் என் அண்ணன். அவள் தட்டும்போது சாவி அவன் மடியில் இருந்தது.